பெட்டியைத் திறந்தவர்கள்

செலக்ட், ப்ளே, செலக்ட், 3, 0, செலக்ட். ரிமோட்டில் இந்த ஆறு பொத்தான்களையும் வரிசையாக அழுத்தினால் டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி மணியடித்து ஒப்புக்கொள்ளும். அதன் பிறகு, பதிவின் கடைசிக்குத் தாவுவதற்கென்று இருந்த பொத்தான், அழுத்தும்போதெல்லாம் 30 விநாடி முன்னால் தாவும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரத்தின் வழக்கமான நீளமும் 30 விநாடிதான். நான்கு முறை அழுத்தினால் இரண்டு நிமிட விளம்பரம் மறைந்துவிடும். பயனர் கையேட்டில் இந்த வசதியைப் பற்றி ஒரு வரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் பெட்டி மறந்துவிடும். மறுபடி அழுத்த வேண்டும். ஆனாலும் இந்த வரிசை வாய்மொழியாகவே வீடு வீடாகப் பரவியது.

அந்த ஆறு அழுத்தல்களால் பெட்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதோடு நிற்காதவர்கள் திருகாணியைக் கழற்றினார்கள். ஹார்ட் டிஸ்கை வெளியே எடுத்தார்கள், மென்பொருளைத் திருத்தினார்கள், கடைசியில் மதர்போர்டிலிருந்து சிப்பையே பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் கைக்குக் கிடைத்ததும் கூடியது, பறிபோகக்கூடியதும் கூடியது. அவர்கள் எதிர்கொண்ட ஆபத்துகளையும், பெட்டியைத் தொடாமலே வைத்திருந்தவர்கள் எதிர்கொண்டவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது: காசு கொடுத்து வாங்கிய பெட்டி யார் சொல்லைக் கேட்கிறது?

சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜிம் பார்ட்டனும் மைக் ராம்சேயும் 1997-இல் தொடங்கியது டிவோ. பிலிப்ஸ் தயாரித்த முதல் பெட்டி 1999 மார்ச் 31 அன்று விற்பனைக்குக் கிளம்பியது. ஒரே மாதத்தில் இரண்டாம் முறை முழுநிலவு வந்த நாள் அது. வீடியோ கேசட்டோடு மல்லுக்கட்டிப் பழகிய தலைமுறைக்கு அந்தப் பெட்டி பெரிய விடுதலை. ஓடிக்கொண்டிருக்கும் நேரலையை நிறுத்திவைக்கலாம். பிடித்த தொடரின் பெயரைச் சொல்லிவைத்தால் வாராவாரம் அதுவே பதிந்து வைக்கும். வீட்டில் தொலைக்காட்சியைப் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சோனியின் பீட்டாமாக்ஸ் வழக்கில் 1984-இலேயே தீர்ப்பளித்திருந்ததால், சட்டத்திலும் கால் ஊன்ற இடமிருந்தது.

மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது ஒரு முழுக் கணினி. 54 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பவர்பிசி செயலி, 16 எம்.பி. நினைவகம், ஒரு ஹார்ட் டிஸ்க், படத்தைச் சுருக்கிப் பதிய ஒரு சிப், தொலைபேசி இணைப்புக்கு ஒரு மோடம். அதை இயக்கியது லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம். இரவானால் பெட்டி தானே தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி நிறுவனத்தை அழைக்கும். வரும் நாட்களின் நிகழ்ச்சிப் பட்டியலை வாங்கிக்கொள்ளும். அதே அழைப்பில் புதிய மென்பொருளும் வந்து இறங்கும். விலை கொடுத்து வாங்கிய வீட்டுக்கு விற்றவரிடமும் ஒரு சாவி இருப்பது போன்ற ஏற்பாடு இது. அந்தச் சாவியால் வந்த நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு.

திருகாணிக்கு அப்பால்

முதல் ஆசை எளிமையானது: இன்னும் அதிக நேரம் பதிய வேண்டும். ஆரம்பப் பெட்டி ஒன்றில் 14 மணி நேரம்தான் கொள்ளும், அதுவும் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டால். கடையில் பெரிய டிஸ்க் மலிவாகக் கிடைக்கும்போது யார் பொறுத்திருப்பார்கள்? டி-10 வகை நட்சத்திரத் தலைத் திருகாணியைக் கழற்றத் தெரிந்தவர்கள் பெட்டியைத் திறந்தார்கள்.

திறந்ததும் காத்திருந்தது முதல் ஆபத்து. மேசைக் கணினியில் மின்வழங்கி ஓர் உலோகக் கூட்டுக்குள் மூடியிருக்கும். டிவோவின் ஆரம்பப் பெட்டிகளில் அது திறந்த பலகையாகவே ஹார்ட் டிஸ்குக்கு அருகில் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். டிஸ்கை உருவ நீளும் கை அங்கே பட்டால் பலத்த அதிர்ச்சி. மென்பொருளை மாற்றுவது பற்றிய வழிகாட்டிகள் பல இந்த எச்சரிக்கையோடுதான் தொடங்கின.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கழற்றிய டிஸ்கை வீட்டுக் கணினியில் மாட்டி, தற்செயலாக விண்டோஸை இயக்கிவிட்டால் போதும். அடையாளம் தெரியாத டிஸ்க் ஒன்றைக் கண்டதும், அதன் முதல் பகுதியில் விண்டோஸ் தன் முத்திரையை எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. டிவோவோ, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எங்கிருந்து எடுத்து இயங்கத் தொடங்க வேண்டும் என்ற குறிப்பை அதே முதல் பகுதியில்தான் வைத்திருக்கும். சில பைட்டுகள் மாறினாலும் பெட்டி எழுந்திருக்காது. அனுபவசாலிகள் லினக்ஸ் குறுவட்டு ஒன்றை வைத்தே கணினியைத் தொடங்குவார்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால் மூல டிஸ்கை முழுவதுமாகப் பிரதி எடுத்து, அந்த மூலத்தை அலமாரியில் பத்திரப்படுத்துவார்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ பெட்டிகளைக் காப்பாற்றியது.

மூன்றாவது வகை, எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. மாற்றிய அன்று எல்லாம் சரியாகவே இருக்கும். பெரிய டிஸ்க், நிறைய மணி நேரம், வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பல மாதங்கள் கழித்து ஒரு நாள் மின்சாரம் போய் வரும். திரை பச்சையாகும், கடுமையான கோளாறு கண்டறியப்பட்டிருக்கிறது, சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆகும், பிளக்கைப் பிடுங்க வேண்டாம் என்று அறிவிப்பு வரும். மூன்று மணி நேரம் கழித்தும் பச்சைத் திரை போகாது. காரணம் இதுதான்: டிஸ்க் பெரிதானால் அதிலுள்ள கோப்புகளைச் சரிபார்க்கத் தேவைப்படும் நினைவகமும் பெரிதாக வேண்டும். உள்ளே இருப்பதோ 16 எம்.பி. மீதியை டிஸ்கிலேயே ஒதுக்கிய இடமாற்று நினைவகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். டிஸ்கை விரிவாக்கியவர் அந்த ஒதுக்கீட்டைப் பழைய அளவிலேயே விட்டிருந்தால், சரிபார்ப்பு பாதியில் மூச்சுத் திணறி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தவறு செய்த நாளும் தண்டனை கிடைத்த நாளும் அவ்வளவு தள்ளி இருந்ததால், இரண்டையும் தொடர்புபடுத்தவே பலருக்குத் தெரியவில்லை. அதேபோல, பழைய கெர்னலுக்கு 137 ஜி.பி.க்கு மேல் எண்ணத் தெரியாது. அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கியவர்களின் மீதிப் பணம் வீண்.

இடத்தைக் கூட்டிய பின் அடுத்த ஆசைகள் வந்தன. டிஸ்கைக் கணினியில் மாட்டித் தொடக்க நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தால், பெட்டியின் பின்புறத் தொடர் இணைப்பு வழியாக லினக்ஸ் கட்டளைத் திரை கைக்கு வரும். பிறகென்ன? அலுவலகத்திலிருந்தே உலாவி வழியாக வீட்டுப் பெட்டியில் பதிவுக்குச் சொல்லிவைத்தார்கள். யார் தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்பதைத் தொலைக்காட்சித் திரையிலேயே காட்டவைத்தார்கள். நிறுவனம் பின்னாளில் தானே கொடுத்த வசதிகளில் சில, பயனர்களின் மேசையில் முன்கூட்டியே பிறந்துவிட்டவை.

இந்த மாற்றங்களுக்கு ஆயுள் குறைவு. டிவோவின் டிஸ்கில் மென்பொருளுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், மற்றொன்றில் புதிய பதிப்பு வந்து இறங்கும். ஒருநாள் அதிகாலையில் பெட்டி தானே அணைந்து, புதிய இடத்திலிருந்து எழும். மாதக்கணக்கில் சேர்த்துவைத்த திருத்தங்கள் எல்லாம் பழைய இடத்தில் அநாதையாகக் கிடக்கும். அப்டேட்டை நிறுத்திவைக்கவும் வழி கண்டுபிடித்தார்கள். ஆனால் நிறுத்தினால் பிழைதிருத்தமும் வராது. தானாக வரும் அப்டேட்டை மறுக்கிறவர், அதைச் செய்யும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு நெறி இருந்ததைச் சொல்லியாக வேண்டும். மாதச் சந்தா கட்டாமல் நிகழ்ச்சிப் பட்டியலைத் திருடுவது பற்றி வெளிப்படையாகப் பேசக் கூடாது. பதிந்த படங்களை வெளியே உருவி எடுப்பது பற்றியும் ஆரம்ப காலத்தில் பலர் வாய் திறக்கவில்லை. நிறுவனம் பிழைத்தால்தான் பெட்டி பிழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிறுவனமும் இவர்களை நீதிமன்றத்துக்கு இழுக்காமல் கண்டும் காணாமல் விட்டது.

பூட்டு வந்த பிறகு

2002-இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பெட்டியில் அந்த இளக்கம் குறைந்தது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிக்கும் நிரந்தர நினைவகச் சிப், கெர்னலில் நிறுவனத்தின் மின்கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் அடுத்த அடி. கெர்னலோடு வரும் தொடக்க நிரல், மற்றக் கோப்புகள் ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒப்பிடும். திருத்தப்பட்டது எதுவும் தேறாது. லினக்ஸின் மூல நிரலை உரிம விதிப்படி நிறுவனம் எல்லோருக்கும் கொடுத்தது. அதைத் திருத்தலாம், தொகுக்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய அந்தப் பெட்டியில் மட்டும் அது ஓடாது.

பதிலுக்கு வழிகள் பிறந்தன. கையொப்பம் உள்ள கெர்னலை முதலில் எழச் செய்து, அது எழுந்த பின் தங்கள் கெர்னலுக்கு மாறிக்கொண்டார்கள் சிலர். புதிய பதிப்புகள் அந்த ஓட்டையை அடைத்தபோது, மிஞ்சியது ஒரே வழி: காவல் காக்கும் சிப்பையே கழற்றி, திருத்திய சிப்பைப் பற்றவைப்பது. மயிரிழை போன்ற கால்கள் வரிசையாகக் கொண்ட சிப். சாலிடரிங் இரும்பின் சூடு சற்று மிஞ்சினால் பலகையின் செப்புத் தடமே உரிந்து வந்துவிடும்.

பலகை போனால் வேறொன்றும் போகும். டிவோவில் மாதாமாதம் கட்டுவதற்குப் பதிலாக மொத்தமாகக் கட்டும் ஆயுள் சந்தா இருந்தது. அந்த ‘ஆயுள்’ பெட்டியின் ஆயுள், வாங்கியவருடையது இல்லை. சந்தா பெட்டியின் எண்ணோடு கட்டப்பட்டது. டிஸ்க் செத்தால் மாற்றிக்கொள்ளலாம், மதர்போர்டு செத்தால் சந்தாவும் செத்தது. உத்தரவாதம் மூடியைத் திறந்த அன்றே முடிந்திருக்கும்.

இந்தப் பூட்டு உலக அளவில் ஒரு சண்டையைக் கிளப்பியது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், இந்த வழக்கத்துக்கு டிவோவின் பெயரையே சூட்டினார். 2007 ஜூன் 29 அன்று வெளியான, கட்டற்ற மென்பொருள்களுக்கான ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பு இதைத் தடுக்கவே ஒரு விதியைச் சேர்த்தது: வீட்டு உபயோகப் பொருளில் இந்த மென்பொருளை வைத்து விற்கிறவர், திருத்திய பதிப்பை அதே பொருளில் நிறுவத் தேவையான தகவலையும் சாவியையும் கொடுக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒப்பவில்லை. நிரலைத் திருப்பிக் கொடுத்தால் போதும், வன்பொருளை எப்படிச் செய்வது என்பது செய்கிறவர் பாடு என்றார். லினக்ஸ் கெர்னல் இன்றுவரை இரண்டாம் பதிப்பு உரிமத்திலேயே இருக்கிறது.

டோர்வால்ட்ஸின் வாதத்தில் நடைமுறை அறிவு உண்டு. ஆனால் பூட்டின் பின்னால் என்ன நடந்தது என்று பார்த்தால் ஸ்டால்மனின் அச்சம் வெற்றுக் கற்பனை இல்லை என்பது புரியும்.

தொடாதவர்களுக்கு நேர்ந்தவை

2002 மே மாதம் பிரிட்டனில் டிவோ வைத்திருந்தவர்கள் ஒருநாள் தங்கள் பட்டியலில் கேட்காத நிகழ்ச்சி ஒன்றைக் கண்டார்கள். ‘டோஸா அண்டு ஜோ’ என்ற பி.பி.சி. நகைச்சுவைத் தொடரின் அத்தியாயம். பி.பி.சி.யோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி நாடு முழுக்க எல்லாப் பெட்டிகளும் தாமாகவே அதைப் பதிந்திருந்தன. பெரியவர்களுக்கான நேரத்தில் வந்த நிகழ்ச்சி, குழந்தைகள் கையாளும் பெட்டியில்! பார்வையாளர்கள் கொதித்தார்கள்.

2004 பிப்ரவரி 1 அன்று நடந்த அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் ஆட்டத்தின் இடைவேளையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் ஆடை விலகியது. அதுவரை தாங்கள் அளந்ததிலேயே மிக அதிகமாகத் திருப்பிப் பார்க்கப்பட்ட கணம் அதுவே என்று டிவோ அறிவித்தது. தனி நபர் அடையாளம் இல்லாத தொகுப்புத் தகவல்தான் என்று நிறுவனம் விளக்கியது. ரிமோட்டின் ஒவ்வொரு அழுத்தலும் எங்கோ எண்ணப்படுகிறது என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தார்கள். டிவோவின் போட்டியாளரான ரீப்ளே டிவியின் நிலைமை இன்னும் மோசம். விளம்பரத்தைத் தானாகவே தாண்டும் வசதிக்காகத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், வாடிக்கையாளர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைத் தாண்டுகிறார்கள் என்று கண்காணிக்க மென்பொருள் எழுதித் தரும்படி 2002-இல் ஒரு நீதித்துறை அலுவலர் உத்தரவிட்டார். மேல்நிலை நீதிபதி அதை ரத்து செய்தார். ஆனால் ரீப்ளே டிவியின் உரிமையாளரான சோனிக்புளூ 2003 மார்ச்சில் திவாலானது.

2005 செப்டம்பரில் வேறொரு அதிர்ச்சி. புதிய மென்பொருள் வந்த சில பெட்டிகளில் ‘தி சிம்ப்சன்ஸ்’, ‘கிங் ஆஃப் தி ஹில்’ போன்ற சாதாரணத் தொடர்களின் பதிவுகளில் பிரதிப் பாதுகாப்புக் கொடி தென்பட்டது. குறித்த நாளில் அழிந்துவிடும் என்று அறிவிப்பு. சமிக்ஞையில் வந்த இரைச்சலைப் பெட்டி தவறாகப் படித்துவிட்டது என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பதிவை வெளியே இருப்பவர் சொல்படி அழிக்கும் திறன் அந்த மென்பொருளில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடை மூடும் நாள். பிரிட்டனின் முதல் தலைமுறை டிவோக்களுக்கான சேவை 2011 ஜூன் 1 அன்று நிறுத்தப்பட்டது. ஆயுள் சந்தா கட்டியவர்களின் நல்ல நிலையில் இருந்த பெட்டிகளும் அன்றோடு நிகழ்ச்சிப் பட்டியலை இழந்தன. அங்கே கைகொடுத்தவர்கள் யார்? பத்தாண்டுகளாக மூடியைத் திறந்து பழகியவர்கள். ஆல்ட்இபிஜி என்ற பெயரில் தன்னார்வலர்கள் மாற்றுப் பட்டியல் சேவையை நடத்தினார்கள். பெட்டிக்குள் சிறு மாற்றம் செய்துகொள்ளத் துணிந்தவர்கள் தொடர்ந்து பதிந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் கதை தலைகீழ். அங்கே டிவோ அதிகாரபூர்வமாக வந்தது 2008-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆர்வலர்கள் வெளிநாட்டுப் பெட்டிகளை வரவழைத்து ஓடவைத்திருந்தார்கள். அமெரிக்கப் பெட்டிக்குத் தெரிந்தது என்.டி.எஸ்.சி. ஒளிபரப்பு முறை, ஆஸ்திரேலியாவில் இருந்தது பால் (PAL) முறை. அந்த இடைவெளியைக் கடக்க உதவியவர்களில் ஒருவர் கான்பெராவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், சாம்பா, ஆர்சிங்க் என்ற கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கியவர். பழைய பிணைய அட்டையைப் பெட்டிக்குள் பொருத்தும் இணைப்பி ஒன்றையும் அவர் செய்தார். மூடிய பெட்டி எப்படிப் பேசுகிறது என்று கேட்டுப் பார்க்கும் அதே குணம் 2005-இல் அவரை, லினக்ஸ் கெர்னலின் நிரலை நிர்வகிக்கப் பயன்பட்ட பிட்கீப்பர் மென்பொருளிடம் கொண்டுபோனது. அதில் எழுந்த தகராறால் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாகக் கிட் என்ற கருவியை எழுதினார். டிவோ பூட்டை ஆதரித்தவரின் கைக்கு, டிவோவைத் திறந்தவரால் வந்த வேலை அது.

நம் கடைகளின் பெட்டி

டிவோ போன்ற டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டருக்கு டி.வி.ஆர். என்று பெயர். நம் ஊரில் டி.வி.ஆர். என்றால் கண் முன்னே வருவது வேறு பெட்டி. மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் கல்லாவுக்கு மேலே, கண்காணிப்புக் கேமராக்களின் ஒயர்கள் வந்து சேரும் இடம். அதன் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் லினக்ஸ்தான். அதன் மென்பொருளும் மாற்றப்பட்டது. மாற்றியவர்கள் உரிமையாளர்கள் இல்லை.

2016 செப்டம்பர் 20 அன்று பாதுகாப்புச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸின் தளத்தை விநாடிக்கு 620 ஜிகாபிட் அளவிலான போலிப் போக்குவரத்து தாக்கியது. அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ஸ்பாட்டிஃபை போன்றவை பலருக்கும் எட்டாமல் போயின. தாக்கிய படையில் பெரும்பகுதி இத்தகைய டி.வி.ஆர்.களும் கேமராக்களும். மிராய் என்ற நச்சு நிரல், தயாரிப்பிலேயே வைக்கப்பட்ட 60-க்கும் மேற்பட்ட கடவுச்சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் கதவைத் தட்டியது. எழுதிய மூன்று இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இதில் மனத்தை அறுக்கும் செய்தி ஒன்று. பாதிக்கப்பட்டவற்றில் பல, சீனாவின் ஷியோங்மாய் நிறுவனத்தின் உள்பாகங்களைக் கொண்டவை. அவற்றின் கடவுச்சொல், பெட்டியின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டிருந்தது. திரையில் தெரியும் அமைப்புகளில் உரிமையாளர் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும், உள்ளே இருந்த அந்தப் பின்கதவுச் சொல் மாறவில்லை. வாங்கியவருக்குப் பூட்டிய பெட்டி, திருடனுக்குத் திறந்து கிடந்தது. பெட்டியை அணைத்துப் போட்டால் நிரல் நினைவகத்திலிருந்து அழியும்; இணையத்தில் மீண்டும் மாட்டினால் சில நிமிடங்களில் திரும்ப வந்து ஒட்டும். உண்மையான மருந்து புதிய ஃபர்ம்வேர் மட்டுமே.

அந்த மருந்திலும் ஆபத்து உண்டு. ஒரே மாதிரி வெளித்தோற்றம் கொண்ட இரண்டு பெட்டிகளுக்குள் வேறு வேறு சிப்கள் இருக்கும். ஒன்றின் ஃபர்ம்வேரை மற்றொன்றில் ஏற்றினால் பெட்டி எழாது. சீனச் சந்தைக்கென்று செய்து, ஆங்கில மென்பொருள் ஏற்றிக் குறுக்கு வழியில் மலிவாக விற்கப்படும் பெட்டிகளில் அதிகாரபூர்வ அப்டேட்டைப் போட்டால், திரை முழுக்கச் சீனமாகிவிடுவதும் மொழி பொருந்தவில்லை என்று மறுப்பதும் நடக்கும். ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதி எழுதிய சிப் மட்டும் மிஞ்சும். பலகையில் தொடர் இணைப்பு முனைகளைத் தேடிப் பிடித்து, அல்லது சிப்பைக் கவ்வும் புரோகிராமரை மாட்டி உயிர்ப்பிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாத் தெருவிலும் இல்லை.

எனவே கேமரா போட வரும் தொழில்நுட்பரிடம் கடைக்காரர் கேட்க வேண்டியவை உண்டு. பெட்டியின் மாடல் எண்ணுக்கும் பலகையின் பதிப்புக்கும் பொருந்தும் ஃபர்ம்வேர்தானா இது, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வந்ததா, யாரோ பகிர்ந்த கோப்பா? ஏற்றும் அரைமணி நேரமும் யு.பி.எஸ்.ஸில் இருக்கிறதா? தேவைப்படும் பதிவுகளைத் தனி டிஸ்கில் பிரதி எடுத்தாயிற்றா? கைப்பேசியில் பார்ப்பதற்காக ரூட்டரில் திறந்துவிட்ட போர்ட் இன்னும் திறந்தே இருக்கிறதா? தயாரிப்பாளர் கைவிட்ட பெட்டி என்றால், இணைய ஒயரைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் மட்டும் ஓடவிடலாம். படம் பதிய இணையம் தேவையில்லை.